எத்தனை கேவிஏ எண்டு முதல்ல கேக்காதேங்கோ

இந்தக் கிழமை எபிசோட்டில் பேக்கப் பற்றிக் கதைச்சம். கிளவுட் பேக்கப் இல்லை, கரண்ட் பேக்கப். ஒரு தொழிற்சாலைக்கோ, கோல்ட் ஸ்டோருக்கோ, கேஷ் அண்ட் கரி களஞ்சியத்துக்கோ டீசல் ஜெனரேற்றர் வாங்கிறதெண்டால் எப்பிடித் தெரிவு செய்யிறது என்ற பகுதிக்கு நேரம் போதேல்லை. அதை இஞ்ச ஆறுதலா எழுதுறன்.

"நான் பைதன் எழுதுறவன், எனக்கேன் இது?" எண்டு நினைப்பீங்கள். எங்கட ஆக்களைத் தெரியும்தானே. வீட்டில ஒருத்தர் கம்பியூட்டர் படிச்சால் காணும், வயர் இருக்கிற எல்லாத்துக்கும் அவரைத்தான் கேப்பினம். முதலில் ரவுட்டர், பிறகு கடைக் கமரா, பிறகு கார்ட் மெஷின். ஒரு நாள் மாமா ஒருத்தர் ஏதோ கொம்பனியின் விலைப் பட்டியலைப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பி, "தம்பி, 200 கேவிஏ காணுமோ?" எண்டு கேப்பார். பிளேஸ்டோவில் இருந்துகொண்டு ஐடி கொன்ராக்ட் வேலைக்கு இடம் இடமாகப் போற எனக்கு, சேர்வர் அறைக்குப் பின்னால நிக்கிற ஜெனரேற்றரையும் பார்க்க வேண்டி வரும். நான் எலெக்ட்ரீசியன் இல்லை. வயர் தொடுகிற வேலையைத் தகுதி உள்ளவர்தான் செய்ய வேணும். ஆனால் என்ன கேள்வி கேட்கிறது என்பதை நாங்கள் படிச்சு வைக்கலாம்.

மாமாவின் கேள்வி தப்பான இடத்தில் தொடங்குகிறது. எத்தனை கேவிஏ என்பது கடைசியில் வருகிற விடை. முதல் கேள்வி: கரண்ட் போனால் எதை அணைய விடலாம், எதை விட ஏலாது?

இதற்கு எங்களுக்குத் தெரிஞ்ச மிகப் பெரிய உதாரணம் ஹீத்ரோ. 2025 மார்ச் 20ஆம் தேதி இரவு, ஹேஸில் இருக்கிற நோர்த் ஹைட் உப மின்நிலையத்தில் 275 கிலோவோல்ட் மின்மாற்றி ஒன்று தீப்பிடித்தது. மின்மாற்றியின் புஷிங் என்ற பாகத்துக்குள் ஈரம் போனதுதான் பெரும்பாலும் காரணம் என்றும், ஈரம் கூடியிருப்பது 2018லேயே எண்ணெய்ப் பரிசோதனையில் தெரிந்திருந்தது என்றும் அந்த வருடம் ஜூலையில் வந்த நேசோ அறிக்கை சொன்னது. பல்லாயிரக்கணக்கான இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. விமான நிலையம் 21ஆம் தேதி மூடப்பட்டது. 1,300க்கும் மேற்பட்ட விமானங்கள் பாதிக்கப்பட்டன.

அடுத்த நாள் எல்லா வாட்ஸப் குழுவிலும் ஒரே பகிடி: "இவ்வளவு பெரிய எயார்போர்ட், ஒரு ஜெனரேற்றர் இல்லையோ?" இருந்தது. வேலையும் செய்தது. ஓடுபாதை விளக்கு, கட்டுப்பாட்டுக் கோபுரம் போன்றவற்றுக்கு, அதாவது வானத்தில் இருக்கிற விமானத்தை இறக்கி ஆட்களைப் பாதுகாப்பாக வெளியேற்றுவதற்கு மட்டும்தான் அது திட்டமிடப்பட்டிருந்தது. ஒரு சின்ன நகரத்தின் அளவுக்கு மின்சாரம் இழுக்கிற இடம் அது. முழுவதையும் டீசலில் ஓட்டுவது என்பது பக்கத்தில் ஒரு மின் நிலையம் கட்டுவதற்குச் சமன். மற்ற இரண்டு வழிகளால் மின்சாரத்தை மாற்றி எடுக்கலாம்தான், ஆனால் அப்படி மாற்றி, நூற்றுக்கணக்கான சிஸ்டங்களைத் திருப்ப எழுப்பப் பல மணித்தியாலம் பிடித்தது. என்னைக் கேட்டால், "உயிர் சம்பந்தப்பட்டது ஓடும், வியாபாரம் நிற்கும்" என்ற தெரிவை அவர்கள் முன்கூட்டியே செய்து வைத்திருந்ததில் பிழை இல்லை. பிழை, வியாபாரம் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதைச் சரியாக எண்ணிப் பார்க்காததில்தான் இருந்திருக்க வேணும்.

சரி, எங்கட அளவுக்கு வருவம். ஈஸ்ட்ஹாம், பிளேஸ்டோ கடைகளுக்கு மீனும் உறைந்த பரோட்டாவும் விநியோகம் செய்கிற ஒரு கோல்ட் ஸ்டோரைக் கற்பனை பண்ணுங்கோ. இரண்டு பிரீசர் கொம்பிரசர், ஓடும்போது ஒவ்வொன்றும் 30 கிலோவாட் இழுக்கும். குளிர்க் காற்றைச் சுற்றுகிற ஃபான்களுக்கு 8. விளக்கும் ஒஃபிசும் 6. ஃபோர்க்லிஃப்ட் சார்ஜர்களுக்கு 20. யூபிஎஸ்ஸோடு ஒரு சேர்வர் ராக், 4. தீ எச்சரிக்கை, அலாரம் எல்லாம் சேர்த்து 1. கூட்டினால் 99 கிலோவாட்.

விற்பனையாளர் இந்த 99ஐ எடுப்பார். ஜெனரேற்றர் உலகத்தில் வழமையான பவர் ஃபாக்டர் 0.8 என்பதால் அதை 0.8ஆல் பிரித்து 124 கேவிஏ என்பார். "மோட்டர் ஸ்டார்ட் இருக்கு, எதிர்காலத்தில பெருக்குவீங்கள்" என்று சொல்லி 200இல் கொண்டு வந்து நிறுத்துவார்.

இப்ப எங்கட கேள்வியைப் போடுவம். கதவு மூடியிருக்கிற பிரீசர் அறை பல மணித்தியாலம் குளிரைப் பிடிச்சு வைக்கும். ஆகவே இரண்டு கொம்பிரசரும் ஒரே நேரத்தில் ஓடத் தேவை இல்லை, மாறி மாறி ஓடினால் காணும். ஃபோர்க்லிஃப்ட் சார்ஜர் வேண்டவே வேண்டாம். மிச்சம் 30, 8, 6, 4, 1. மொத்தம் 49 கிலோவாட். 0.8ஆல் பிரிச்சால் 61 கேவிஏ. ஒரு பேனையும் பேப்பரும் எடுத்துப் பாதிக்குக் குறைச்சிட்டம்.

ஆனால் இதோட நிப்பாட்டக் கூடாது. மோட்டரை நேரடியாக ஸ்டார்ட் பண்ணினால், ஓடும்போது இழுப்பதைப் போல ஆறு ஏழு மடங்கு மின்னோட்டத்தைச் சில வினாடிகளுக்கு இழுக்கும். எங்கட 30 கிலோவாட் கொம்பிரசர் 400 வோல்ட் மூன்று பேஸில் ஓடும்போது சுமார் 50 ஆம்பியர் எடுக்கும். ஸ்டார்ட்டில் 300 ஆம்பியர். கேவிஏயில் சொன்னால், ஓடும்போது 35, எழும்பும்போது 200க்கு மேல். சின்ன ஜெனரேற்றரில் அந்த வினாடியில் வோல்ட் பொத்தென்று விழும், கொன்ராக்டர்கள் கழரும், ராக்கில் உள்ள யூபிஎஸ் "கரண்ட் போச்சு" என்று கத்தும், கொம்பிரசரும் எழும்பாது.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, பெரிய ஜெனரேற்றர். மற்றது, மோட்டருக்கு சோஃப்ட் ஸ்டார்ட்டர் போடுவது. அது ஸ்டார்ட் மின்னோட்டத்தை மூன்று மடங்கு அளவில் பிடித்து வைக்கும், 200 கேவிஏ 100 கேவிஏ ஆகிவிடும். வேகத்தை மாற்றுகிற விஎஃப்டி போட்டால் அதைவிடவும் குறையும். ஜெனரேற்றரைப் பெருப்பிக்கிறதை விட மோட்டரைத் திருத்துறது அநேகமாக மலிவு. விலைப் பட்டியலில் இது இருக்காது, ஏனென்றால் அந்தக் கொம்பனி விற்பது ஜெனரேற்றர்.

"பெரிசா இருந்தால் நல்லம்தானே, காசு கொஞ்சம் கூட, அவ்வளவுதானே?" இல்லை. சேர்வருக்கும் டீசல் இஞ்சினுக்கும் இதுதான் வித்தியாசம். சேர்வர் 10 சதவீத லோட்டில் சும்மா நிண்டால் அதுக்கு ஒண்டும் ஆகாது. டீசல் இஞ்சின் முழு லோட்டில் 30 சதவீதத்துக்குக் கீழே நீண்ட நேரம் ஓடினால் சிலிண்டர் போதிய சூடு ஏறாது. எரியாத எரிபொருளும் கரியும் புகைக் குழாயில் கறுப்புக் கூழாகப் படியும். இஞ்சின்காரர் இதை வெற் ஸ்டாக்கிங் என்பார்கள். எங்கட 49 கிலோவாட்டை 100 கேவிஏ, அதாவது 80 கிலோவாட் இயந்திரத்தில் போட்டால் லோட் 61 சதவீதம், அருமை. கொம்பிரசர் ஓய்கிற நேரம் 19 கிலோவாட், 24 சதவீதம், கொஞ்ச நேரம் தாங்கும். அதே லோட்டை மாமாவின் 200 கேவிஏயில் போட்டால் நல்ல நேரத்திலேயே 31, ஓய்கிற நேரத்தில் 12 சதவீதம். கூடக் காசு கொடுத்து இஞ்சினைக் கெடுக்கிற வேலை.

அடுத்து விலைப் பட்டியலில் இருக்கிற இன்னொரு பொறி. ஒரே இயந்திரத்துக்கு இரண்டு எண் போட்டிருப்பார்கள், ஸ்டாண்ட்பை 110, பிரைம் 100 என்பது போல. ஐஎஸ்ஓ 8528 என்ற தரநிலையின்படி அவசர ஸ்டாண்ட்பை என்றால் வருடத்துக்கு 200 மணித்தியாலம் வரைதான், அதிலும் சராசரி லோட் 70 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பிரைம் என்றால் மணித்தியாலக் கட்டுப்பாடு இல்லை, லோட் ஏறி இறங்கலாம், சராசரிக்கு அதே 70 சதவீதம். லண்டனில் கரண்ட் எப்போதாவது போகும், போனாலும் சில மணித்தியாலத்தில் வரும். இங்கே ஸ்டாண்ட்பை எண்ணைப் பார்த்து வாங்கலாம்.

எல்லா ஊரிலும் இது சரிவராது. 2012இல் தமிழ்நாட்டில் கோயம்புத்தூர், திருப்பூர்ப் பக்கம் ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேல் மின்வெட்டு இருந்தது. அங்கே லேத் பட்டறைக்கும் பனியன் கொம்பனிக்கும் டீசல் செட் பேக்கப் இல்லை, அதுதான் பாதி நாள் மின் நிலையம். 200 மணித்தியாலக் கணக்கு ஒரு மாதத்துக்குக்கூடக் காணாது. யாழ்ப்பாணமும் 1990இல் தேசிய மின்வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்ட பிறகு பல வருடம் டீசலை நம்பித்தான் இருந்தது. உங்கட அப்பாமார் "லிஸ்டர் இஞ்சின்" என்று சொல்வதைக் கேட்டிருப்பீங்கள். அது இங்கே குளோஸ்ரஷயரில் டேர்ஸ்லி என்ற சின்ன ஊரில் பிறந்தது. இண்டைக்கும் பெர்கின்ஸ் இஞ்சின் பீற்றர்பரோவில் இருந்துதான், ஸ்டாம்ஃபோர்ட் ஆல்டர்நேற்றர் அதே பெயருள்ள ஊரில் இருந்துதான். பிராண்ட் பற்றி இதுக்கு மேல் எழுத மாட்டன். பாகங்கள் கிடைக்கிற, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கூப்பிட்டால் வருகிற சேர்விஸ்காரர் உள்ள எந்த நல்ல பிராண்டும் சரி.

இனி எங்கட துறைக்குக் கிட்டவான விஷயம். கரண்ட் போனதை உணர்ந்து, இஞ்சினை எழுப்பி, லோட்டை மாற்றுகிற பெட்டிக்கு ஏடிஎஸ் என்று பெயர். நன்றாக வைத்திருக்கிற செட் 10, 15 வினாடிக்குள் லோட்டை எடுக்கும். பிரீசருக்கு 15 வினாடி ஒன்றுமே இல்லை. சேர்வருக்கு அது மரணம். அந்த இடைவெளியை நிரப்பத்தான் யூபிஎஸ். இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப் போக வேணும். பழைய வகை யூபிஎஸ்கள் ஜெனரேற்றரின் அலைவடிவத்தைக் கெடுத்து, பிறகு "இந்தக் கரண்ட் சரியில்லை" என்று தாங்களே அதை மறுத்து, பற்றரி முடியும் வரை பற்றரியிலேயே ஓடும். ஜெனரேற்றர் வெளியே முழங்கிக்கொண்டு நிற்க, உள்ளே சேர்வர் அணையும். ஆகவே யூபிஎஸ் மாடலை ஜெனரேற்றர் விற்பவரிடம் எழுத்தில் கொடுத்து, "இதோட ஓடுமோ?" எண்டு எழுத்திலயே பதில் வாங்குங்கோ.

ஜெனரேற்றர் இருந்தும் இருளில் போகலாம். டிஎல்ஆரில் போனால் இங்கிருந்து கிட்ட, ஹார்பர் எக்ஸ்சேஞ்சில் இருக்கிற ஈக்வினிக்ஸ் எல்டி8 டேட்டா சென்ரர். 2020 ஓகஸ்ட் 18 அதிகாலை அங்கே மின்சாரம் போய், லண்டன் இன்டர்நெட் எக்ஸ்சேஞ்சான லிங்க்ஸின் உறுப்பினர்கள் வரை பாதிக்கப்பட்டார்கள். காரணமாகச் சொல்லப்பட்டது யூபிஎஸ் கோளாறு. வெளியே எத்தனை டீசல் செட் நிண்டாலும், நடுவில் உள்ள பெட்டி பழுதானால் அவ்வளவுதான்.

மாற்றும் சுவிட்ச் பற்றிச் சொல்லும்போது ஒரு விஷயத்தைச் சத்தமாகச் சொல்ல வேணும். இரண்டு பக்கமும் ஆண் பிளக் வைச்ச வயரால், சின்ன ஜெனரேற்றரில் இருந்து சுவர் சொக்கற்றுக்குள் கரண்ட் ஏற்றுகிற ஆட்கள் இருக்கினம். செய்யவே கூடாது. மெயின் சுவிட்சை அணைக்க மறந்தால் அந்தக் கரண்ட் தெரு வரைக்கும் போகும். தெருவில் உள்ள மின்மாற்றி இரண்டு பக்கமும் வேலை செய்யும். நீங்கள் அனுப்புகிற 230 வோல்ட் மற்றப் பக்கத்தில் 11,000 வோல்ட் ஆகும். "லைன் செத்துப் போச்சு" என்று நினைத்து அதில் கை வைக்கிற தொழிலாளி செத்துப் போவார். ஏடிஎஸ்ஸின் முதல் வேலையே இரண்டு மூலங்களும் ஒரு கணமும் சேராமல் பார்ப்பதுதான். அதோடு, தெருக் கரண்ட் போயிருக்கும் நேரத்தில் மின் கொம்பனியின் எர்த்தை நம்ப ஏலாது. ஜெனரேற்றருக்குத் தனி எர்த் கம்பி மண்ணுக்குள் போக வேணும். இதை வடிவமைக்கிறது உங்கட வேலையும் இல்லை, என்ர வேலையும் இல்லை. "நியூட்ரலும் எர்த்தும் எப்பிடிச் செய்யிறீங்கள்?" எண்டு கேட்டு, பதில் சொல்ல ஏலாதவரை அனுப்பி விடுறது எங்கட வேலை.

இடம். நான் இதில்தான் கூட நேரம் நிற்கப் போறன், ஏனென்றால் நாங்கள் இருக்கிற பகுதி அப்படி.

2021 ஜூலை 25, ஞாயிற்றுக்கிழமை. கிழக்கு லண்டனில் கொட்டின மழை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பிளேஸ்டோவில் இருக்கிற எங்கட நியூஹாம் ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பகுதிக்குள் தண்ணீர் வந்தது, வேறு ஆஸ்பத்திரிக்குப் போகும்படி ஆட்களைக் கேட்டார்கள். புடிங் மில் லேன் நிலையம் குளமாக நின்றது. லெய்டன்ஸ்ரோனில் விப்ஸ் குரொஸ் ஆஸ்பத்திரியில் அதைவிட மோசம். நிலத்தடியில் இருந்த மின் அமைப்புக்குள் தண்ணீர் போய் மின்சாரம் போனது, சுமார் நூறு நோயாளிகளை இடம் மாற்ற வேண்டி வந்தது. தேம்ஸ் பெருகவில்லை, கடலும் வரவில்லை. வடிகால் தாங்காத ஒரு பின்னேர மழை, அவ்வளவுதான்.

சென்னையில் இதன் விலை உயிர். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றுக் கரையில் மணப்பாக்கத்தில் இருக்கிற மியாட் மருத்துவமனைக்குள் தண்ணீர் புகுந்து, மின்சாரமும் ஜெனரேற்றர்களும் நின்றன. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த 18 பேர் இறந்ததாக அந்த நாட்களில் செய்தி வந்தது. அவர்கள் ஏற்கெனவே ஆபத்தான நிலையில் இருந்தவர்கள் என்பது மருத்துவமனையின் விளக்கம். எந்த மரணம் எதனால் என்பதை நான் தீர்ப்புச் சொல்லப் போறதில்லை. வெள்ளம் வருகிற இடத்தில், வெள்ளம் தொடுகிற உயரத்தில் ஜெனரேற்றர் இருந்தால், அது தேவைப்படுகிற அதே மணித்தியாலத்தில்தான் அது போகும். 2011இல் புகுஷிமாவிலும் இதேதான். நிலநடுக்கத்துக்குப் பிறகு டீசல் ஜெனரேற்றர்கள் ஒழுங்காக எழும்பி ஓடின, சுனாமித் தண்ணீர் கீழ்த்தளத்துக்குள் வரும் வரை.

"அப்ப மேல்மாடியில வைப்பம்." அதையும் நியூயோர்க்கில் செய்து பார்த்தார்கள். 75 புரோட் ஸ்ட்ரீற் கட்டடத்தில் பியர் 1 டேட்டா சென்ரரின் ஜெனரேற்றர் உயரத்தில் பத்திரமாக இருந்தது. டீசலை மேலே அனுப்புகிற பம்ப் நிலத்தடியில். 2012 ஒக்ரோபர் 29 இரவு சாண்டி புயல் தண்ணீர் பம்பை மூடியது. ஃபொக் கிரீக், ஸ்குவேர்ஸ்பேஸ் கொம்பனிகளின் ஆட்கள் வாளியில் டீசலை நிரப்பி, பதினேழு மாடி படியேறிச் சுமந்தார்கள், நாள்கணக்காக. புரோகிராமர்கள்! ஜெனரேற்றர் எங்கே என்று மட்டும் பார்க்காமல், டீசல் தாங்கி, பம்ப், ஏடிஎஸ், சுவிட்ச் பலகை, கேபிள் உள்ளே வருகிற ஓட்டை எல்லாம் எந்த உயரத்தில் என்று பாருங்கோ. ஆகக் கீழே இருக்கிறது எதுவோ, அதுதான் உங்கட உண்மையான உயரம். நியூஹாமில் வாங்கப் போகிற மாமாவுக்கு முதல் வேலை, அரசாங்க இணையத்தளத்தில் போஸ்ட்கோட்டைப் போட்டு மழைநீர் வெள்ள வரைபடத்தைப் பார்ப்பது. ஆற்று வெள்ளத்தை மட்டும் பார்த்து விட்டிட்டு வராதேங்கோ.

பிளேஸ்டோவில் இன்னொரு சிக்கல் சத்தம். இங்கே பட்டறையின் பின் சுவருக்கு அங்கால் யாரோ ஒருத்தரின் படுக்கை அறை. பட்டியலில் போடுகிற டெசிபல் எண் திறந்த வெளியில் 7 மீற்றர் தள்ளி அளந்தது. இரண்டு செங்கல் சுவருக்கு நடுவில் வைத்தால் அந்த எண்ணை மறந்து விடலாம். காற்று உள்ளே வரவும் சூடு வெளியே போகவும் வழி வேணும், புகை பக்கத்து வீட்டு யன்னலுக்குப் போகக் கூடாது. கவுன்சிலிடம் முன்கூட்டியே கேட்பது, பிறகு இழுபடுவதை விட நல்லம்.

எரிபொருள். நல்ல லோட்டில் ஒரு கிலோவாட் மணிக்குக் கால் லீற்றருக்குச் சற்றுக் கூட. எங்கட 49 கிலோவாட்டுக்கு மணித்தியாலம் 13 லீற்றர், ஒரு நாளைக்கு 320 லீற்றர் அளவில். சிவப்பு டீசலில் ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் அது பழைய கதை. 2022 ஏப்ரல் 1இல் இருந்து பெரும்பாலான வியாபாரங்களுக்கு அந்த உரிமை இல்லை, ஸ்டாண்ட்பை ஜெனரேற்றருக்கும் வெள்ளை டீசல்தான். அந்த டீசலில் 7 சதவீதம் வரை பயோடீசல் கலந்திருக்கும். அது ஈரத்தை இழுக்கும், ஈரத்தில் கிருமி வளரும், ஃபில்ட்டரில் சளி மாதிரிப் பிடிக்கும். வருடக்கணக்காகத் தாங்கியில் கிடந்த டீசல், தேவைப்படுகிற நாளில் இஞ்சினை அரை மணித்தியாலத்தில் நிப்பாட்டும். வருடத்துக்கு ஒரு தடவையாவது மாதிரி எடுத்துப் பரிசோதிக்க வேணும், தேவைப்பட்டால் வடிகட்டிச் சுத்தம் செய்ய வேணும்.

200 லீற்றருக்கு மேல் எண்ணெய் வைத்திருந்தால், இங்கிலாந்தில் 2001ஆம் ஆண்டின் எண்ணெய்ச் சேமிப்பு விதி வரும். ஒரு தாங்கிக்கு அதன் கொள்ளளவில் 110 சதவீதத்தைப் பிடிக்கக்கூடிய வெளித் தொட்டி ஒன்று சுற்றி இருக்க வேணும். "சும்மா சட்டம்" எண்டு நினைக்கிறவைக்கு ஒரு சொல்: சுன்னாகம். அங்கே அனல் மின் நிலையத்தைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் மிதந்ததை வீட்டில் கேள்விப்பட்டிருப்பீங்கள். வழக்கு 2015இல் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நொதேர்ன் பவர் கொம்பனி 2 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்க வேணும் என்று 2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. மின் நிலையத்தின் அளவும் எங்கட 500 லீற்றர் தாங்கியும் ஒன்றல்ல. ஆனால் மண்ணுக்குள் போன எண்ணெயைத் திருப்ப எடுக்க ஏலாது என்பது இரண்டுக்கும் ஒன்றுதான்.

எத்தனை நாளுக்கு டீசல் வைக்கிறது? லண்டனில் 24 மணித்தியாலம் நியாயமான கணக்கு, ஆஸ்பத்திரி மாதிரி இடம் இல்லை என்றால். இதில் ஒரு நுட்பம். 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. அதே நேரம் டீசலும் இல்லை. மின்சாரம் போனதற்கும் டீசல் கிடைக்காததற்கும் காரணம் ஒன்றே, நாட்டிடம் டொலர் இல்லை. ஜெனரேற்றர் வைத்திருந்த ஹோட்டலும் தொழிற்சாலையும் வரிசையில் நின்றன. எங்கட துறையில் ஒரே ரீஜனில் இரண்டு கொப்பி வைக்கக் கூடாது என்று சொல்வோமே, அதேதான். டீசல் கொண்டு வருகிற கொம்பனி பெரிய மின்தடையில் உங்களுக்கு எத்தனையாவது ஆளாகக் கொண்டு வரும் என்று ஒப்பந்தத்தில் பாருங்கோ.

பெரிய இடங்களுக்கு இன்னொரு விதி. எரிபொருள் கணக்கில் 1 மெகாவாட்டைத் தாண்டினால், மின்சாரத்தில் சொன்னால் கிட்டத்தட்ட 350, 400 கிலோவாட்டுக்கு மேல், சுற்றாடல் அனுமதி விஷயம் தொடங்கும். எங்கட கோல்ட் ஸ்டோர் அதுக்குக் கிட்டவும் போகாது.

உண்மையைச் சொன்னால், நான் பார்க்கிற சின்ன இடங்களில் பாதிக்கு மேல் ஜெனரேற்றர் வாங்கவே தேவை இல்லை. வெளியே ஒரு இணைப்புப் பெட்டியும் கைச் சுவிட்சும் முறையாகப் போட்டு வைத்து, வாடகைக் கொம்பனியோடு ஒப்பந்தம் செய்தால், லொறியில் வந்து நாலு மணித்தியாலத்தில் கொழுவலாம். அதுவரை பிரீசர் தாங்கும், சேர்வருக்கு யூபிஎஸ்ஸும் ஒழுங்காகத் தானே அணைகிற ஸ்கிரிப்டும் காணும். ஊர் முழுக்க இருண்டால் எல்லாரும் அதே கொம்பனிக்குத்தான் அடிப்பினம், அதுதான் இதன் பலவீனம். மருந்து வைத்திருக்கிற இடம், நடுவில் நிற்பாட்டினால் பழுதாகிற உற்பத்தி, மூச்சு சம்பந்தப்பட்ட எதுவும் என்றால் வாடகையை நம்பாதேங்கோ.

வாங்கின பிறகு சோதனை. மாதம் ஒருக்கா பட்டனை அமத்தி, அஞ்சு நிமிசம் சும்மா ஓட்டிப்போட்டு "ஓக்கே" எண்டு புத்தகத்தில் எழுதுறது சோதனை இல்லை, அது மேலே சொன்ன கறுப்புக் கூழை உருவாக்குகிற வேலை. உண்மையான லோட்டில், மெயினை நிஜமாகவே அணைத்து, அரை மணித்தியாலமாவது ஓட்ட வேணும். 2019 ஓகஸ்ட் 9 மின்தடையை நினையுங்கோ. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகள் போய், ஒரு மணித்தியாலத்துக்குள் எல்லாருக்கும் மின்சாரம் திரும்பி விட்டது. ஆனால் தேம்ஸ்லிங்கின் சில புது ரயில்கள் அசையவில்லை. அதிர்வெண் விழுந்ததில் மென்பொருள் பூட்டிக்கொண்டு, லப்ரொப்போடு ஒரு டெக்னீசியன் வரும் வரை தண்டவாளத்தில் நின்றன. கரண்ட் திரும்பி வந்த பிறகு எது எழும்பாது என்பதை இப்படி அணைத்துப் பார்த்தால்தான் கண்டுபிடிக்கலாம்.

அடுத்த தடவை ஒரு இடத்துக்கு வேலைக்குப் போகும்போது, ஜெனரேற்றர் இருந்தால் ரெண்டு நிமிசம் நிண்டு மூன்றைப் பாருங்கோ. சுவிட்ச் "ஓட்டோ"வில் இருக்கோ, இல்லை சேர்விஸ்காரர் "ஓஃப்"இல் விட்டிட்டுப் போட்டாரோ. ஸ்டார்ட் பற்றரியில் எந்த வருடம் எழுதியிருக்கு, ஏனெண்டால் எழும்பாத ஜெனரேற்றருக்கு வழமையான காரணம் அந்தச் சின்னப் பற்றரிதான். டீசல் முள் எங்கே நிக்குது. மாமாவுக்கு அனுப்புறதெண்டால் லோட் பட்டியலைத் தமிழில் நான் செய்து வைச்ச ஸ்பிரெட்ஷீற் எபிசோட் பக்கத்தில் இருக்கு. மோட்டர் ஸ்டார்ட் கணக்கும் அதுக்குள்ளேயே வரும். உங்கட இடத்தின் எண்களைப் போட்டுப் பார்த்து, சந்தேகம் இருந்தால் எழுதுங்கோ. அடுத்த கிழமை இதே கோல்ட் ஸ்டோரை டீசல் இல்லாமல் பற்றரியிலும் சோலாரிலும் ஓட்ட ஏலுமோ எண்டு கணக்குப் போட்டுப் பாப்பம்.